முதல் சம்பளம்: தாம்பரம் ரயில் பாதையில் ஒரு வழக்கத்தின் வரலாறு

பிள்ளை வளர்ந்துவிட்டதைச் சொல்லத் தமிழில் ஆணுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு ஒரு சொல். ஆண்பிள்ளையைத் 'தலையெடுத்துவிட்டான்' என்பார்கள். வீட்டு விவகாரத்தில் அவனைக் கலந்துகொள்ளும் காலம் வந்துவிட்டது என்பது அதன் பொருள். பெண்பிள்ளையை 'ஆளாகிவிட்டாள்', 'பெரியவள் ஆகிவிட்டாள்' என்பார்கள். அது பூப்பெய்தியதைக் குறிக்கும்; அதன்பின் அவள் பேச்சுக்கு அதுவரை இருந்த இடமும் குறையும். தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்று பழமொழி இருக்கிறது. மிஞ்சியதை யார் அளந்து சொல்வது என்பதை அது சொல்வதில்லை.

சென்னைக்குத் தெற்கே பரங்கிமலை, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த ஊர்களில், மாதச் சம்பளக் குடும்பங்கள் பெருகியபின், அந்த அளவுகோலாக நின்றது முதல் சம்பளம். வேலைக்குப் போன பிள்ளை முதல் மாதச் சம்பளத்தைக் கவர் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அதைச் சாமி படத்துக்கு முன் வைத்து, பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்து, தாய் கையிலோ தந்தை கையிலோ கொடுக்க வேண்டும். அன்றிரவு பாயசமோ கேசரியோ இருக்கும். அடுத்த மாதம் வீட்டுக்கு வெள்ளையடிப்பதா வேண்டாமா என்ற பேச்சில், இத்தனை நாள் 'உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு' என்று கேட்டு வந்தவன் பக்கம் தந்தையின் முகம் முதன்முறையாகத் திரும்பும்.

காலங்காலமாக நடப்பதுபோலத் தோன்றும் இந்தச் சடங்கு, மாதச் சம்பளம் என்ற ஒன்று வருவதற்கு முன் இருந்திருக்க முடியாது. இந்தப் பகுதிக்கு அது வந்து நெடுங்காலம் ஆகவில்லை.

ஆர்க்காட்டு நவாப் 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக்கொடுத்த செங்கல்பட்டுச் சீமையில் அடங்கியவைதான் இன்றைய தாம்பரமும் அதன் சுற்றுப்புறமும். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு இந்தச் சீமையை ஊர் ஊராக அளந்தார். ஏரிப் பாசனம், மிராசுப் பங்கு, களத்து மேட்டில் பிரிக்கப்படும் நெல் என்று போகும் வாழ்க்கை அது. தச்சருக்கும் குயவருக்கும் வெட்டியானுக்கும் களத்திலேயே மேரை என்ற நெல் பங்கு அளக்கப்பட்டது, படியாளுக்குப் படி. எல்லாம் வீட்டுக்குத்தான் போயிற்று. ஓர் ஆளின் உழைப்பு இவ்வளவு என்று தனியே கணக்கில் ஏறவில்லை. இருபது வயது மகன் தந்தையோடு ஏர் பிடித்தால் விளைச்சலில் அவன் பங்கு எவ்வளவு என்று கேட்க வழியே இல்லை. நிலமற்றவர் வீட்டுப் பிள்ளைகளோ ஏழெட்டு வயதிலேயே மாடு மேய்த்துக் கூலி கொண்டுவந்தார்கள். அதனால் அவர்களுக்கு வீட்டிலோ ஊரிலோ குரல் வந்துவிடவில்லை. ஆகவே சம்பாதிப்பதால் மதிப்பு வருகிறது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எந்தச் சம்பாத்தியம், யாருடையது என்பதைப் பொறுத்தது அது.

(சம்பா நெல்லும் 'அளம்' என்ற உப்பும் சேர்ந்துதான் 'சம்பளம்' ஆயிற்று என்று ஒரு விளக்கம் பரவலாக உண்டு. காதுக்கு இனிமையாக இருக்கிறது. நம்புவது அவரவர் விருப்பம்.)

நிலமுள்ள வீட்டில் மகனின் நிலை விசித்திரமானது. இந்துச் சட்டத்தின் மிதாட்சர முறைப்படி மூதாதையர் சொத்தில் அவனுக்குப் பிறந்த கணத்திலேயே பங்கு உண்டு. ஆனால் அதை நிர்வகிப்பவர் குடும்பத்தின் கர்த்தா, அதாவது தந்தையோ மூத்தவரோ. தொட்டிலில் கிடக்கும்போதே பங்காளி. நாற்பது வயதிலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். 1875ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டம் 18 வயதை எல்லையாக வைத்தது. நீதிமன்றம் காப்பாளரை நியமித்திருந்தால் 21. பத்திரத்தில் கையெழுத்துப் போடவும் வழக்குத் தொடரவும் அது உதவியது. கர்த்தாவின் அதிகாரத்தை அது தொடவில்லை.

அந்த அதிகாரத்தை முதலில் உரசியது ஆங்கிலப் படிப்பும் அது கொண்டுவந்த உத்தியோகமும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையில் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் தாசில்தார்களும் பெருகினார்கள். அப்போது ஒரு கேள்வி நீதிமன்றங்களுக்கு வந்தது. கூட்டுக் குடும்பம் செலவழித்துப் படிக்கவைத்த மகனின் சம்பளம் யாருடையது? குடும்பப் பணத்தில் சாதாரணக் கல்வி மட்டும் கற்றிருந்தால் வருமானம் அவனுக்கு. தொழிலுக்கான தனிப்பயிற்சி பெற்றிருந்தால் குடும்பத்துக்கு என்ற வகையில் தீர்ப்புகள் வந்தன. அதாவது எவ்வளவு நன்றாகப் படிக்கவைத்தார்களோ அந்த அளவுக்கு அவன் சம்பளம் பொதுச் சொத்து. அண்ணன் தம்பிகள் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், முப்பது வருடம் உழைத்துச் சேர்த்ததும் பிரியும்.

இதை மாற்ற முயன்றவர்களில் முன்னோடி சென்னையின் புகழ்பெற்ற வழக்கறிஞர் வெ. பாஷ்யம் ஐயங்கார். கல்வியால் ஈட்டிய பொருள் ஈட்டியவனுக்கே உரியது என்று அறிவிக்கும் மசோதாவை 1890களில் சென்னைச் சட்டமன்றத்தின் முன் வைத்தார். கூட்டுக் குடும்பம் குலைந்துவிடும், படித்தவன் பெற்றோரைக் கைவிடுவான் என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்றம் ஏற்றும் ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. 1921இல் கோகல் சந்த் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில், குடும்பச் செலவில் பயிற்சி பெற்று ஐ.சி.எஸ். அதிகாரியான ஒருவரின் வருமானம் குடும்பத்துக்கும் பொது என்று தீர்த்தது. படித்தவர்கள் திகைத்தார்கள். எம்.ஆர். ஜெயகரின் முயற்சியால் 1930இல் மத்தியச் சட்டமன்றம் இந்து கல்வி ஈட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. யார் பணத்தில் படித்திருந்தாலும் படிப்பால் வரும் வருமானம் அவரவர் தனிச்சொத்து என்று ஆயிற்று.

சட்டப்படி இனி எந்த மகனும் தன் சம்பளத்தை வீட்டில் கொடுக்க வேண்டியதில்லை. முதல் சம்பளத்தைக் கையில் கொடுக்கும் வழக்கம் வேர்பிடித்ததும் ஏறக்குறைய அந்தத் தலைமுறையில்தான். கட்டாயம் இருந்தவரை கொடுத்ததற்குத் தனியாக ஒரு பெருமை இருந்திருக்காது. 'என்னுடையதை நான் கொடுக்கிறேன்' என்று சொல்ல முடிந்தபிறகே அது மரியாதை ஆகிறது, கொடுத்தவனுக்கும் மரியாதை கிடைக்கிறது.

சட்டம் வந்த அடுத்த ஆண்டு மின்ரயில் வந்தது. எழும்பூரிலிருந்து தெற்கே போகும் நீராவி வண்டிகள் முன்பே தாம்பரத்தைக் கடந்துகொண்டிருந்தன. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் மின்ரயில் ஓடத் தொடங்கியதும், சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருந்த கிராமம் ஆபீசுக்குப் போய்வரும் தூரமானது. ஜி.ஏ. சேம்பர்ஸ் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் பல்லாவரத்துக்குத் தெற்கே ஓர் ஊருக்குக் குரோம்பேட்டை என்றே பெயர் நிலைத்துவிட்டது. டாக்டர் சௌரி முத்து 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையை அரசு 1937இல் எடுத்துக்கொண்டது. 'சானடோரியம்' என்பது ரயில் நிலையத்தின் பெயராயிற்று. அதே 1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நகரத்து நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டில் 365 ஏக்கருக்குக் குடிபெயர்ந்தது. 1949இல் சி. ராஜம் தம் வீட்டை விற்ற பணத்தைப் போட்டுக் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யைத் தொடங்கினார். விமானப்படைத் தளம், மீனம்பாக்கம் விமான நிலையம், வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார், கிண்டித் தொழிற்பேட்டை எல்லாம் சேர்ந்து, ஏரிக்கரை ஊர்களை மாதச் சம்பள ஊர்களாக மாற்றின.

மாதத்துக்கு ஒரு நாள் குறிக்கப்பட்டது. 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டப்படி, ஆயிரம் பேருக்குக் குறைவான தொழிலாளர் உள்ள ஆலையில் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள்ளும், மற்றவற்றில் 10ஆம் தேதிக்குள்ளும் சம்பளம் நாணயமாகவோ நோட்டாகவோ கையில் தரப்பட வேண்டியிருந்தது. அரசு ஊழியருக்கு மாத முடிவை ஒட்டியே பணம் வந்துவிடும். மளிகைக் கடைப் பாக்கி, பால் கணக்கு, வீட்டு வாடகை எல்லாம் இந்தத் தேதிகளைச் சுற்றியே ஓடின. 1955இல் சிவாஜி கணேசன் நடித்து 'முதல் தேதி' என்றே ஒரு படம் வந்தது. அந்தப் பெயருக்கு யாருக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

கவர் கைமாறியபின் நடந்ததுதான் இந்த வழக்கத்தின் உள்கட்டமைப்பு. தாய் அதிலிருந்து ஒரு தொகையைத் திருப்பித் தருவாள்: சீசன் டிக்கெட்டுக்கு இவ்வளவு, டிபனுக்கு இவ்வளவு, கைச்செலவுக்கு இவ்வளவு. இரண்டாம் மாதமும் மூன்றாம் மாதமும் இதே கதைதான். திருமணம் வரைக்கும், பல வீடுகளில் அதற்குப் பிறகும், சம்பாதிப்பவன் தன் பணத்திலிருந்து தாயிடம் கேட்டு வாங்கிச் செலவழித்தான். அவனை வளர்ந்தவனாக்கிய அதே செயல் அவனைப் பிள்ளையாகவே வைத்தும் இருந்தது. பெரியவர்களுக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை. மகன் பேச்சுக்குக் காது கொடுத்தார்கள். பெட்டிச் சாவியைக் கொடுக்கவில்லை. தங்கை கல்யாணம், தம்பி படிப்பு, ஊரில் பூர்வீக வீட்டு ஓடு மாற்றுவது ஆகியவற்றில் அவன் அபிப்பிராயம் கேட்கப்பட்டது, ஏனென்றால் பணம் அவனிடமிருந்துதான் வர வேண்டும். அவன் கல்யாணத்தில் மட்டும் அந்தச் செல்வாக்கு செல்லவில்லை. ஜாதகமும் சம்பந்தமும் பெரியவர்கள் காரியமாகவே இருந்தன.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று எம்.ஐ.டி. வரலாற்றிலேயே இருக்கிறது. 1950களில் அங்கே விமானப் பொறியியலில் சேர ராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாமுக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. தந்தையால் முடியாத தொகை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். என் சம்பாத்தியத்தில் இதை மீட்டுத் தருவேன் என்று உறுதி எடுத்துக்கொண்டதாகக் கலாம் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1930ஆம் ஆண்டுச் சட்டம் அறுத்துவிட்ட கடமையை இப்படிப்பட்ட அடகு நகைகள் மறுபடியும் கட்டின. முதல் சம்பளத்தை அக்காவிடம் கொடுக்காமல் இருக்க எந்தச் சட்டமும் துணைக்கு வராது.

1960களின் பிற்பகுதியிலிருந்து இன்னொரு சிக்கல் தலைகாட்டியது. பட்டம் இருந்தது, வேலை இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு சீனியாரிட்டிக்காகக் காத்திருப்பவர்கள் பெருகினார்கள். ஸ்டேஷனை ஒட்டிய தெருக்களில் தட்டச்சு, சுருக்கெழுத்துப் பயிலகங்கள் முளைத்தன; லோயர் முடித்தவர்கள் ஹையருக்குப் போனார்கள். 25 வயதுப் பட்டதாரி வீட்டில் 'சின்னப் பையன்' ஆகவே இருந்தான். பத்தாவது முடித்துக் கம்பெனியில் சேர்ந்த 19 வயதுத் தம்பி பேசினால் கேட்டார்கள். வயதும் படிப்பும் வரிசையில் பின்னுக்குப் போய்ச் சம்பளம் முன்னால் நின்றதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மிகக் கசப்பான வழி கருணை அடிப்படையிலான வேலை. பணியில் இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டால் வாரிசில் ஒருவருக்கு ரயில்வேயிலோ அரசு அலுவலகத்திலோ இடம் கிடைக்கும். தாம்பரம் ரயில்வே குடியிருப்புகளுக்கு இது புதிதல்ல. அப்படி வேலைக்குச் சேர்ந்தவன் முதல் சம்பளத்தை வைத்துக் கும்பிட்ட படங்களில் தந்தையின் படமும் ஒன்று; மாலை இன்னும் வாடியிருக்காது.

மகள்களின் வரலாறு வேறு பாதையில் போனது. அதன் தொடக்கமும் இதே ரயில் பாதையில்தான். தாம்பரத்துக்குத் தெற்கே செங்கல்பட்டில் 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும், துணையைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை வேண்டும், எந்தத் தொழிலிலும் ஈடுபடத் தடை கூடாது, ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வேலையைக் கூடியவரை பெண்களுக்கே தர வேண்டும் என்று தீர்மானங்கள் நிறைவேறின. இவற்றில் கடைசியானது சாதாரண நிர்வாகக் கோரிக்கைபோலத் தெரியும். உண்மையில் அதுதான் முதலில் வீடுகளுக்குள் நுழைந்தது. டீச்சர், நர்ஸ், டெலிபோன் ஆபரேட்டர், டைப்பிஸ்ட் என்று பெண்கள் மகளிர் பெட்டியில் ஏறத் தொடங்கினார்கள்.

மகனுடைய முதல் சம்பளம் குடும்பத்தின் பெருமை. மகளுடையது ஓரளவு சங்கடமும்கூட. பெண் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறோம் என்று ஊர் பேசும் என்ற அச்சம் ஒரு பக்கம். அந்தப் பணம் நின்றுவிட்டால் அடுப்பு எரியாது என்ற நிலை மறுபக்கம். பல வீடுகளில் அவள் பணம் சீட்டாகவும் நகையாகவும் மாறி அவள் கல்யாணத்துக்கே சேர்ந்தது. சில வீடுகளில் அந்தக் கல்யாணமே தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' 1974இல் இந்த இரண்டாம் வகை வீட்டைத்தான் திரைக்குக் கொண்டுவந்தது. குடும்பமே நாயகியின் சம்பளத்தில் நடக்கிறது. அவள் அதட்டுவதைக் கேட்டுக்கொள்கிறார்கள். ஆனால் அவளுக்கென்று ஒரு வாழ்க்கை வேண்டும் என்பது யாருக்கும் உறைப்பதில்லை. பேச்சுக்கு மதிப்புக் கிடைப்பது வேறு, ஆளை மதிப்பது வேறு என்பதை அந்தப் படம் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1984இல் சானடோரியத்தில் ஏற்றுமதிப் பதப்படுத்தும் மண்டலம் தொடங்கியது. ஊர்க்காரர்கள் வாயில் அது 'மெப்ஸ்'. ஆயத்த ஆடை, மின்னணுத் தொழிற்கூடங்களில் வேலைக்கு வந்த பெண்களில் பலர், கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள். ஷிப்ட் பஸ், ஓவர்டைம், அடையாள அட்டை என்ற சொற்கள் அவர்கள் வழியாக வீடுகளுக்குள் வந்தன. இரவு எட்டரைக்கு வீடு திரும்பும் மகளிடம் 'எங்கே போயிருந்தாய்' என்று கேட்க முடியாமல் போனதே ஒரு மாற்றம்தான்.

செங்கல்பட்டுத் தீர்மானம் சட்டமாக அறுபது ஆண்டு பிடித்தது. மு. கருணாநிதி அரசு கொண்டுவந்த இந்து வாரிசுரிமைத் திருத்தம், மகளையும் மகனைப் போலவே பிறப்பால் பங்காளி ஆக்கியது. 1989 மார்ச் 25 முதல் அது செல்லும் என்று வகுக்கப்பட்டது. அந்தத் தேதிக்கு முன் மணமானவர்களுக்கு அதனால் பயன் கிடைக்கவில்லை. மூன்று நாள் கழித்து, மார்ச் 28 அன்று, வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த 61ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அந்த வாரம் 18 வயதைத் தாண்டிய மணமாகாத ஒரு பெண்ணுக்கு எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் பூர்வீக வீட்டில் பங்கும் ஒருசேரக் கிடைத்தன என்று சட்டநூல் சொல்லும். வாக்கைப் பயன்படுத்தினார்கள். பங்கைக் கேட்டவர்கள் குறைவு. அண்ணனோடு பேச்சுவார்த்தை வேண்டுமே.

2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தது. அதன்பின் பழைய மாமல்லபுரம் சாலையும், செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா சிட்டியும் மென்பொருள் நிறுவனங்களால் நிரம்பின. 2004 ஜூலையில் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்ரயில் ஓய்வுபெற்றது. ஏறக்குறைய அதே காலத்தில் சம்பளக் கவரும் மறைந்தது. பணம் வங்கிக் கணக்கில் விழுந்தது. சாமி படத்துக்கு முன் வைக்கக் கையில் எதுவும் இல்லை. சிலர் ஏடிஎம் அட்டையை வைத்துக் கும்பிட்டார்கள். சிலர் முதல் மாதம் மட்டும் பணத்தை எடுத்துவந்து பழையபடி கொடுத்தார்கள். பெரும்பாலோர் அம்மாவுக்குப் பட்டுப்புடவை, அப்பாவுக்குக் கைக்கடிகாரம் என்று பரிசாக மாற்றிக்கொண்டார்கள். இதில் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. கவர் கொடுத்தவனுக்குத் தாய் செலவுக்குத் தந்தாள். புடவை வாங்கித் தந்தவன் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறான் என்பது தாய்க்குத் தெரியாது. 22 வயதுப் பெண்ணின் தொடக்கச் சம்பளம், ஓய்வுபெறப் போகும் தந்தையின் கடைசிச் சம்பளத்தை எட்டியதும் தாண்டியதும் இந்தத் தலைமுறையில் சகஜம். அது சில தந்தையரைப் பெருமைப்படுத்தியது, சிலரை அமைதியாக்கியது.

கவரின் இடத்துக்கு வந்தது வீட்டுக் கடன் விண்ணப்பம். மேடவாக்கம், சேலையூர், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி என்று அடுக்குமாடிகள் எழுந்தபோது, இருபது ஆண்டு தவணை கட்டும் வயது தந்தைக்கு இல்லை. வங்கியின் தாளில் மகனோ மகளோ முதல் விண்ணப்பதாரர். தந்தை கூட்டு விண்ணப்பதாரர். கிழக்கு வாசலா தெற்கு வாசலா என்ற முடிவு இன்னும் பெரியவர்களுடையதாக இருந்தது. எத்தனை படுக்கையறை என்பதை இளையவர்கள் சொன்னார்கள்.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள். மேயர் பதவி பட்டியல் வகுப்புப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. மார்ச் 4 அன்று க. வசந்தகுமாரி முதல் மேயராகப் பொறுப்பேற்றார். பொறியியல் படித்தவர், வயது 25. மாமன்றத்தில் அவரைவிட மூத்த உறுப்பினர்கள் தங்கள் வார்டுக் குறைகளை அவரை நோக்கியே எழுந்து நின்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பதவிக்கு அப்போது மாதச் சம்பளம் கிடையாது. மேயர்களுக்கு மாதம் 30,000 ரூபாய் மதிப்பூதியம் என்ற அறிவிப்பு 2023இல்தான் வந்தது.